நீர் கோத்த பெர்ரி பார்கள்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

மும்பையில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால், மகாபலேஷ்வர், பாஞ்ச்கனிப் பக்கத்திலிருந்து வரும் ஸ்ட்ராபெர்ரியின் விலை இறங்கத் தொடங்கும். டிசம்பரில் ஒரு பெட்டி வாங்கவே யோசித்த பழத்தை, மாட்டுங்கா சந்தையில் பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பெட்டியாகச் சேர்த்துத் தந்துவிடுவார்கள். அதே நாட்களில் முசுக்கொட்டைப் பழமும் வரும். இங்கே அதை ஷெஹ்தூத் என்றோ மல்பெரி என்றோ கேட்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சஹ்யாத்ரி மலைச்சரிவுகளிலிருந்து கரவந்த என்னும் களாப்பழம் இறங்கும். இவற்றில் எது கையில் கிடைத்தாலும் வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய பேக்கிங் இனிப்பு பெர்ரி பார்தான். கீழே ஒரு மாவுத் தளம், நடுவில் பழம், மேலே உதிரியான மாவுத் தூவல், அவ்வளவே. முட்டை வேண்டாம், க்ரீம் வேண்டாம், அடித்துக் கலக்கும் கருவியும் வேண்டாம். முட்டை நுழையாத வீடுகள் நிறைந்த எங்கள் கட்டடத்தில் இது செல்லுபடியானதற்கு அதுவே முதல் காரணம்.

எளிது என்று சொல்லப்படும் இந்தப் பண்டம் பலருக்கும் முதல் முறை சரியாக வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் புத்தாண்டன்று கட்டடத்தின் கூட்டு விருந்துக்கு ஒரு தட்டு செய்து கொண்டுபோனேன். மேற்புறம் பொன்னிறமாக இருந்தது. முதல் துண்டை எடுத்ததும் பழச்சாறு தட்டில் ஓடியது. துண்டின் அடிப்பாகம் ட்ரேயிலேயே தங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி துண்டைத் திருப்பி, அடிப்புறத்தை விரலால் ஒற்றிப் பார்த்துவிட்டு, “மேலெல்லாம் நன்னாத்தான் இருக்கு, அடியிலதான் ஜலம் கோத்துண்டிருக்கு” என்றார். அதன் பிறகு நான் பார்த்த, என்னிடம் கேட்கப்பட்ட பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமே காரணமாக இருந்தது. பழத்திலிருந்து எவ்வளவு நீர் வெளிவந்தது, அது எங்கே போயிற்று என்று பார்த்தால் பிழையின் பாதி பிடிபட்டுவிடும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்லும் திருத்தங்கள் யாவும் இவற்றை அடிப்படையாகக் கொண்டவை. 20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குலச் சதுர ட்ரேக்கு மைதா 250 கிராம், சர்க்கரை 100 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு வெண்ணெயாக இருந்தால் அந்தச் சிட்டிகையை விட்டுவிடலாம். பழம் 400 கிராம், அதற்குச் சர்க்கரை 70 கிராம், கார்ன்ஃப்ளவர் 20 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. மாவுக் கலவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தளமாக அழுத்தி, 180 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் தனியாகச் சுட்டு, பிறகு பழத்தைப் பரப்பி, மீதி மாவை மேலே உதிர்த்துத் தூவி, மேலும் 35 முதல் 40 நிமிடம் சுட வேண்டும்.

அறிகுறி: வெட்டியதும் பழக்கலவை ஓடுகிறது

இது அடிக்கடி வரும் பிழை; காரணங்களும் பல என்பதால் வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

முதலில், எப்போது வெட்டினீர்கள் என்று பாருங்கள். கார்ன்ஃப்ளவர் சேர்த்த பழக்கலவை சூடாக இருக்கும்போது எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும், ஆறும்போதுதான் இறுகும். ஓவனிலிருந்து எடுத்த ட்ரேயை இரண்டு மணி நேரம் வெளியே ஆற வைத்து, மேலும் இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பிறகு வெட்டியும் ஓடினால்தான் அதைப் பிழை என்று கொள்ள வேண்டும். ஏப்ரல் மாத மும்பைச் சமையலறையில் வெளியே வைத்து மட்டும் ஆறவைப்பது போதாது, ஏனென்றால் அறையின் வெப்பமே 32, 33 டிகிரியில் நிற்கிறது.

அடுத்து, நடுப்பகுதி கொதித்ததா என்பது. கார்ன்ஃப்ளவர் கொதிநிலையை நெருங்கினால்தான் முழுமையாகக் கெட்டிப்படும். ட்ரேயின் ஓரங்களில் குமிழிகள் வந்துவிட்டன, மேற்புறம் சிவந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். நடுவில் கலவை சுடவில்லை, வெறுமனே வெதுவெதுப்பாகியிருக்கிறது. ஓவன் கதவின் கண்ணாடி வழியே நடுப்பகுதியைக் கவனியுங்கள். தொடக்கத்தில் வரும் குமிழிகள் சிறியவை, வேகமாக எழுந்து வேகமாக உடைபவை. அவை வெறும் சாறு கொதிப்பதன் அடையாளம். கலவை இறுகத் தொடங்கியதும் குமிழிகள் பெரிதாகி, அல்வா கிண்டும்போது வருவதுபோல் மெதுவாக எழுந்து, சற்று நின்று, ‘பொக்’ என்று உடையும். அந்த மெதுவான குமிழி நடுவில் தெரிந்த பிறகும் மூன்று நான்கு நிமிடம் விட்டுவைப்பேன். இதை ஒரு முறை கண்ணால் கண்டவருக்கு நிமிடக் கணக்கு தேவைப்படாது.

மூன்றாவது, பழத்தின் ஈரம். ஸ்ட்ராபெர்ரியில் 90 சதவீதத்துக்கும் சற்று அதிகமாகவே நீர்தான் இருக்கிறது. அதைக் காம்பை எடுத்த பிறகு கழுவினால் வெட்டுப்பட்ட இடத்தின் வழியே இன்னும் நீர் ஏறும். எனவே காம்போடு கழுவி, துணியில் பரப்பி, நன்றாக உலர்ந்த பின் காம்பை நீக்கி நறுக்குங்கள். சர்க்கரையை நறுக்கிய பழத்தில் கலந்து அரை மணி நேரம் வைத்துவிட்டால் பழம் சாற்றை விட்டுவிடும். ஆகவே பழத்தையும் சர்க்கரையையும் கலப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். கலந்த பின் தொலைபேசி வந்து நேரமாகிவிட்டதென்றால், கிண்ணத்தின் அடியில் தேங்கிய சாற்றை மட்டும் வடித்து, அடுப்பில் பாதியாகச் சுண்ட வைத்து மீண்டும் சேர்த்துவிடலாம்.

பருவக் கடைசியில் கிடைக்கும் நன்கு கனிந்த, தொட்டால் நசுங்கும் பழத்துக்கு நான் வேறொரு வழியைப் பரிந்துரைக்கிறேன். பழத்தையும் சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒரு வாணலியில் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, 12 கிராம் கார்ன்ஃப்ளவரை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வரும் வரை கிளறி, முழுவதுமாக ஆறவிட்டுப் பின் தளத்தின்மேல் பரப்புங்கள். பழத்தின் புதுமணம் சிறிது குறையும் என்பது உண்மை. ஆனால் ஓடுமோ என்ற கவலையே இருக்காது. மாவை நேராகக் கொதிக்கும் பழத்தில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. மாவுப் பொட்டலத்தை எடுத்து நிறம் பாருங்கள். இங்குள்ள கடைகளில் வெள்ளை வெளேரென்ற கார்ன்ஃப்ளவரும், மஞ்சள் நிற மக்காச்சோள மாவும் அருகருகே இருக்கும். முன்னது சோளத்தின் ஸ்டார்ச் மட்டும். பின்னது ரொட்டி தட்டுவதற்கு முழுச் சோளத்தை அரைத்த மாவு. மஞ்சள் மாவைப் போட்டுவிட்டுக் கலவை இறுகவில்லை, நாக்கில் நெருடுகிறது என்று கேட்டவர்கள் உண்டு. வெள்ளை மாவு வீட்டில் தீர்ந்திருந்தால், ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்து அதே எடை சேர்க்கலாம். பார்களை ஃப்ரீசரில் வைக்க எண்ணுபவர்களுக்கு ஜவ்வரிசிப் பொடியே சிறந்தது. கார்ன்ஃப்ளவரால் இறுகிய கலவை உறைந்து இளகும்போது நீரைக் கக்கிவிடும்.

ஏற்கெனவே சுட்டு, வெட்டி, ஓடிவிட்டது என்றால்? துண்டுகளை ட்ரேயிலேயே நெருக்கி வைத்து, மேலே அலுமினியத் தாளை மூடி, 180 டிகிரியில் மேலும் 12 முதல் 15 நிமிடம் சுட்டு, முழுமையாகக் குளிரவிடுங்கள். நடுப்பகுதி வேகாததே காரணமாக இருந்தால் இது சரியாகிவிடும். கார்ன்ஃப்ளவர் குறைந்ததே காரணமாக இருந்தால் சரியாகாது. அப்போது அதைக் கிண்ணத்தில் எடுத்து, பழக் கூழும் மாவுத் தூவலுமாகக் கரண்டியால் சாப்பிட வேண்டியதுதான். சுவைக்கு ஒரு குறையும் இராது.

அறிகுறி: மேலே நன்றாக இருக்கிறது, அடித்தளம் ஈரமாக, கொழகொழவென்று இருக்கிறது

மாமி கண்டுபிடித்தது இதைத்தான். தளத்தைத் தனியாகச் சுடாமல் பழத்தை நேராக மேலே போட்டதே அன்று நான் செய்த தவறு. பழம் சூடாகிச் சாறு விடும் நேரத்தில் தளம் இன்னும் பச்சை மாவாக இருந்தால், அது சாற்றை உறிஞ்சிக் கொண்டு வேகாமலே நின்றுவிடும். 15 நிமிடத் தனிச் சூடு இதற்காகத்தான். ஓரங்கள் லேசாகப் பொன்னிறமாகி, நடுப்பகுதியைத் தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும். வெளிறி, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் மேலும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

அதைச் செய்தும் ஈரமாகவே இருந்தால், சூடு அடியிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய வீட்டு மின் ஓவன்களில் மேல் கம்பி, கீழ் கம்பி, இரண்டும் என்று மூன்று நிலைகள் இருக்கும். ரொட்டி வாட்டியபின் குமிழை மேல் கம்பியிலேயே விட்டுவிட்டு பார் சுடுவது பலர் வீட்டில் நடப்பதுதான். இரண்டு கம்பிகளும் சிவந்திருப்பதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள். தளத்தைத் தனியாகச் சுடும்போது ட்ரேயை ஒரு தட்டு கீழே இறக்கி வைத்து, பழம் சேர்த்த பின் நடுத்தட்டுக்கு மாற்றுவது என் வழக்கம். கண்ணாடிப் பாத்திரம் சூடேற நேரம் எடுக்கும்; அதில் செய்தால் தளத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனில் வைக்கவே கூடாது, விரிசல் விட்டுவிடும்.

இதற்கு நம் சமையலறையிலேயே ஒரு மருந்தும் இருக்கிறது. ரவா லட்டுக்கு வறுப்பது போல, ஆனால் நெய் இல்லாமல், ஒரு மேசைக்கரண்டி ரவையை வாசனை வரும் வரை வறுத்து, சுட்ட தளத்தின்மேல் மெல்லியதாகத் தூவிவிட்டுப் பழத்தைப் பரப்புங்கள். வழியும் சாற்றை ரவை வாங்கிக்கொள்ளும். சாப்பிடும்போது அது இருப்பதே தெரியாது. முசுக்கொட்டைப் பழத்துக்கு இதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

அறிகுறி: மேல்மாவு உதிரியாக நிற்காமல் உருகிப் படிந்துவிட்டது

இது மும்பைக்கே உரிய துன்பம். மாவுத் தூவல் உருண்டை உருண்டையாக நிற்பதற்கு, வெண்ணெய் சிறு துண்டுகளாக, திடமாக மாவுக்குள் இருக்க வேண்டும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். நம் சமையலறையும் அதே சூட்டில் இருக்கிறது, உள்ளங்கையும் அதே சூடுதான். விரல்களால் பிசிறிக்கொண்டே இருந்தால் ஐந்தே நிமிடத்தில் மாவு பசையாகிவிடும்; அந்தப் பசை ஓவனில் நுழைந்ததும் பரவிப் படிந்துவிடும்.

மைதாவையும் சர்க்கரையையும் கிண்ணத்தோடு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெண்ணெயைச் சிறு சதுரங்களாக நறுக்கி அதையும் குளிர வைத்து, இரண்டையும் மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி ஐந்தாறு முறை சுற்றினால் கை படவே வேண்டியதில்லை. தளத்துக்கான பங்கை அழுத்தியதும் மீதியை உடனே ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டு, தூவும்போது மட்டும் வெளியே எடுங்கள். மே மாதத்தில் நான் ஒரு படி மேலே போய், தளத்துக்கும் தூவலுக்கும் மாவைத் தனித்தனியாகவே கலக்கிறேன். தளத்துக்கு உருக்கிய வெண்ணெயே போதும், அது அழுத்தமாக நன்றாகவே வருகிறது. குளிர்ந்த வெண்ணெயைத் தூவலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். இந்த நகரத்தின் வெயிலில் இதுவே ஒழுங்கான வழி என்பது என் தீர்மானமான கருத்து.

தூவல் படியாமல், மாறாக உலர்ந்த மாவாகவே வெளுத்துக் கிடந்தால் வெண்ணெய் குறைவு. ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, கைப்பிடியில் அழுத்தினால் கொழுக்கட்டை போல் பிடிபட்டு, விட்டால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: மேற்புறம் கருகுகிறது, உள்ளே வேகவில்லை

சிறிய ஓ.டி.ஜி.யில் மேல் கம்பிக்கும் ட்ரேக்கும் இடையில் நான்கு விரல் இடம்கூட இருப்பதில்லை. 25 நிமிடத்துக்குப் பிறகு மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். குமிழ் காட்டும் 180 உண்மையான 180 தானா என்பதை அறிய, உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. ஒரு முறை செலவு, பல தட்டுகள் பிழைக்கும். கன்வெக்ஷன் மைக்ரோவேவாக இருந்தால் விசிறிக் காற்று மேற்புறத்தை விரைவில் சிவக்க வைக்கும், எனவே 160 டிகிரி போதும். அதில் மைக்ரோவேவ் நிலையையோ கலப்பு நிலையையோ தவறியும் தேர்ந்தெடுக்கக் கூடாது, கன்வெக்ஷன் மட்டும்.

அறிகுறி: பழம் நீலமாக, சாம்பலாக மாறியிருக்கிறது, அல்லது உலோக வாடை அடிக்கிறது

கெட்டுப்போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டாம். முசுக்கொட்டை, நாவல், புளூபெர்ரி ஆகியவற்றின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமும் பச்சையும் கலந்து மாறும். பொங்கி வரட்டும் என்று தளத்தில் ஆப்பசோடா சேர்த்திருந்தால், பழம் அதைத் தொடும் இடமெல்லாம் இப்படி ஆகும். இந்தப் பாருக்குச் சோடா தேவையே இல்லை. பழத்தில் எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க மறந்தாலும் நிறம் மங்கும்.

உலோக வாடை ட்ரேயால் வருவது. பூச்சில்லாத அலுமினிய ட்ரேயில் புளிப்புப் பழம் நேராகப் பட்டு, இரவு முழுவதும் அதிலேயே இருந்தால் வாடை ஏறிவிடும். அடியிலும் நான்கு பக்கங்களிலும் தாள் விரித்துச் சுட்டு, ஆறியதும் வெளியே எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: தாளோடு ஒட்டிக்கொள்கிறது, வெட்டும்போது நொறுங்குகிறது

பட்டர் பேப்பர் என்று கடைகளில் கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. சப்பாத்தி சுற்றித் தரும் மெல்லிய தாள் சூட்டில் பழச்சாறு பட்டதும் தளத்தோடு ஒட்டி, பிய்த்தெடுக்க முடியாதபடி ஆகிவிடும். சிலிக்கோன் பூச்சு உள்ள பேக்கிங் தாள்தான் இதற்கு வேண்டும். ஒரு சொட்டு நீர் விட்டுத் தேய்த்தால் ஊறாமல் முத்துப் போல் உருளும். மெல்லிய தாள் மட்டுமே இருந்தால் அதன்மேல் வெண்ணெய் தடவி மாவு தூவிப் பயன்படுத்துங்கள். தாளை இரண்டு பக்கமும் ட்ரேக்கு வெளியே நான்கு விரல் நீளும்படி விட்டால், குளிர்ந்ததும் முழுப் பலகையாக வெளியே தூக்கி, பலகை மேல் வைத்து வெட்டலாம்.

வெட்டுவதற்குப் பெரிய, நேர்முனைக் கத்தி. இழுத்து அறுக்காமல், மேலிருந்து நேராக அழுத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் பின் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். அப்படியும் தளம் உதிர்ந்தால், முதலில் அழுத்தியது போதவில்லை என்று பொருள். தட்டையான அடி கொண்ட டம்ளரால் மூலைவரை அழுத்துங்கள். உதிராமல் கல்லாக இருந்தால் அது வேறு பிழை. வெண்ணெய் கலந்த பின் ஈரம் போதாதென்று நீர் சேர்த்துப் பூரி மாவு போல் பிசைந்திருப்பீர்கள். மைதாவில் நீர் பட்டுப் பிசைந்தால் இழுவை கூடி, சுட்டதும் இறுகிவிடும்.

அறிகுறி: சுவை சப்பென்று இருக்கிறது, அல்லது வாய் கூசப் புளிக்கிறது

பழத்துக்குப் பழம் இது மாறும் என்பதால் சர்க்கரையைக் கலக்கும் முன் ஒரு பழத்தைக் கடித்துப் பாருங்கள். ஜனவரி ஸ்ட்ராபெர்ரிக்குப் போதுமான 70 கிராம், நன்கு கனிந்த முசுக்கொட்டைக்கு அதிகம். அதற்கு 40 கிராம் சர்க்கரையும் இன்னொரு கரண்டி எலுமிச்சைச் சாறும் வேண்டும். முசுக்கொட்டையின் நடுவே ஓடும் பச்சைக் காம்பைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், வாயில் நார் தட்டாது. களாப்பழத்தின் விதைகளை நீக்கித்தான் சேர்க்க வேண்டும். அதில் பழக்கலவையை இறுக வைக்கும் பெக்டின் மிகுதி என்பதால் கார்ன்ஃப்ளவரைப் பாதியாகக் குறைக்கலாம், சர்க்கரை 100 கிராம் வரை கேட்கும். ரஸ்பரி என்று கூவி விற்கப்படும், காகித உறை போன்ற ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பழம் ராஸ்பெர்ரி அல்ல. தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நன்றாகவே வரும், ஆனால் ராஸ்பெர்ரிக்கான அளவுகள் அதற்குப் பொருந்தா.

அறிகுறி: முதல் நாள் மொறுமொறு, மறுநாள் நமத்துவிட்டது

இங்கே நீர் இரண்டு பக்கங்களிலிருந்தும் வருகிறது: உள்ளே பழத்திலிருந்தும், வெளியே கடல்காற்றிலிருந்தும். சூடு முழுதும் இறங்கும் முன் டப்பாவில் போட்டு மூடினால், மூடியின் உட்புறத்தில் துளித்துளியாக வேர்த்து மேலே சொட்டும். முழுவதும் குளிர்ந்த பின், டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூத் தாளை விரித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நான்கு நாட்கள் வரை நன்றாக இருக்கும். மும்பைக் கோடையில் வெளியே வைப்பது அரை நாளுக்கு மேல் வேண்டாம்.

நமத்துப்போன துண்டுகளை மைக்ரோவேவில் சூடாக்கினால் இன்னும் தளர்ந்துவிடும். ஓ.டி.ஜி.யில் 150 டிகிரியில், மூடாமல், எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து, கால் மணி நேரம் கம்பி வலையின்மேல் ஆறவிட்டால் தூவல் மீண்டும் மொறுமொறுப்பாகும். ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை இறங்கிய பிறகு, எவ்வளவு கவனமாக மூடிவைத்தாலும் தூவல் ஒரே இரவில் நமத்துவிடுகிறது. ஆகவே நாவல் பழத்தில் செய்யும் நாட்களில் நான் பாதி அளவே, சிறிய ட்ரேயில் சுடுகிறேன். மேல் தூவலுக்கான மாவு ஃப்ரீசரில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும்.